அது சிறுத்தை இல்லை, வெருகு

நீளமான பதிவு. அடுப்பில் எதுவும் வைத்திருந்தால் இறக்கிவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். "டீச்சர், இது சிறுத்தைக் குட்டியா?" "புனுகுப் பூனைதானே?" "யார் வீட்டுப் பூனையையோ எடுத்துப் போட்டு ஏமாத்துறீங்க." கடைசியாகச் சொன்னவர் என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவர், அதனால் மன்னித்துவிட்டேன். தனித்தனியாகப் பதில் எழுதக் கட்டைவிரல் வலிக்கிறது. மொத்தமாக இங்கே சொல்லிவிடுகிறேன்.

அது வெருகு. காட்டுப்பூனை. எங்கள் கரிசல் பக்கம் புஞ்சை நிலத்தையே காடு என்றுதான் சொல்வோம். "காட்டுக்குப் போயிருக்காக" என்றால் பருத்தி எடுக்கவோ உளுந்து பிடுங்கவோ போயிருக்கிறார்கள் என்று பொருள். அந்தக் கணக்கில் காட்டுப்பூனை என்ற பெயர் இதற்கு ரொம்பப் பொருத்தம். மலையில் போய்த் தேட வேண்டாம். சோளத்துக்குள்ளும் சீமைக்கருவேலம் புதருக்குள்ளும் ஓடைக் கோரைக்குள்ளும் நம்மோடேயே காலம் காலமாகக் குடியிருக்கிற பிராணி. குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் பாட்டு ஒன்றில், பொழுது சாயும் நேரத்தில் வேலியோர வெருகுக்குப் பயந்து கோழி தன் குஞ்சுகளைக் கூப்பிடும். அந்தக் கோழிப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

மார்கழி இரண்டாம் வாரம். கோலம் போட்டு முடித்து நிமிர்கிறேன், பால் ஊற்ற வந்த பெண், "டீச்சர், கதவப் பூட்டிக்கிட்டு உள்ள இருங்க. ஓடப் பக்கம் சிறுத்த வந்துட்டாம்" என்றாள். போனை எடுத்துப் பார்த்தால் ஊர் வாட்ஸ்அப் குழுவில் அதற்குள் நாற்பது செய்தி. ஒரு படமும் இருந்தது. இருட்டு பிரியாத நேரம், கிணற்று மோட்டார் போடப் போன ஒருவர் பைக் வெளிச்சத்தில் செல்போனை இழுத்துப் பெரிதாக்கி எடுத்தது. மக்காச்சோளக் காட்டு ஓரம், ஒரு எல்லைக் கல் பக்கத்தில், பழுப்பாக ஒரு உருவம் பக்கவாட்டில் நிற்கிறது. கண் கங்கு போல மின்னுகிறது. உடம்பெல்லாம் புள்ளி.

அந்த ஒரு மாதத்தில் ஊரில் பதினொரு கோழி காணாமல் போயிருந்தது. ஒரு வெள்ளாட்டுக் குட்டியின் காலில் கடி. போதாதா? சாயங்காலம் சாவடியில் கூட்டம். வனத்துறைக்குச் சொல்லலாம் என்றார்கள் சிலர். பைக் கிளட்ச் வயரில் கண்ணி கட்டிவிடலாம் என்றார்கள் வேறு சிலர். ஒருவர் எழுந்து, "எதுக்கு இவ்வளவு? கோழிக் குடல்ல குருண மருந்தக் கலந்து நாலு எடத்துல வச்சா காலைல கிடக்கும்" என்றார். பலரும் தலையாட்டினார்கள். குருணை வைத்தால் அது மட்டுமா சாகும்? நாய், கீரி, காக்கா, மயில், எல்லாம் வரிசையாகக் கிடக்கும். அப்படிக் கிடந்ததை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற 2019ஆம் வருஷம் என் மகள் ஒரு ஜூம் கேமரா வாங்கிக் கொடுத்தாள். முதலில் தேன்சிட்டு, பிறகு குளத்துக்கு வரும் கூழைக்கடா, அப்புறம் பார்ப்பதெல்லாம். படம் எடுக்கத் தொடங்கினால் அடுத்து வருவது "இது என்ன?" என்ற கேள்விதான். அதற்காகப் புத்தகம் வாங்கி, பெயர் தெரியாததை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றி, தெரிந்தவர்கள் சொல்வதைக் கேட்டு, ஐந்து வருஷம் மாணவியாக இருந்திருக்கிறேன். அதில் நான் கற்றுக்கொண்டது ஒன்று. பூனை இனத்தைப் படத்தில் பார்த்தால் முகத்தைப் பார்க்காதே, வாலைப் பார்.

சிறுத்தைக்கு வால் ரொம்ப நீளம். நின்றால் தரைக்குக் கிட்டத்தட்ட வந்து நுனி மேலே வளையும். இந்தப் படத்தில் வால் பின்னங்கால் மடிப்போடு நின்றுவிட்டது. நுனி கறுப்பு, அதற்கு மேலே இரண்டு மூன்று வளையம். கால்களோ உடம்புக்குப் பொருந்தாத உயரம். வெருகின் அடையாளம் இதுதான்: நெட்டைக் கால், குட்டை வால். அப்போது புள்ளி? செல்போன் இருட்டில் திணறும்போது படம் முழுக்க மணல் தூவினாற்போல் பொரி பொரியாக விழும். எல்லைக் கல்லைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கல்லிலும் அதே புள்ளி இருந்தது.

மறுநாள் சாவடியில் போய் இதைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, டீச்சர் என்ற மரியாதைக்கு. ஆனால் நம்பவும் இல்லை. "பூனை இம்புட்டு ஒசரமா இருக்குமா டீச்சர்?" என்றார் குருணைக்காரர். நியாயமான கேள்வி. படத்தில் பக்கத்தில் ஒரு ஆளோ ஆடோ நின்றால் அளவு தெரியும். வெறும் சோளமும் கல்லும் நின்றால் நம் பயம்தான் அளவுகோல்.

கல்! அதுதான் இருக்கிறதே.

வீட்டில் பழைய மர மீட்டர் அளவுகோல் ஒன்று கிடந்தது. படம் எடுத்தவரைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போனேன். எல்லைக் கல் தரைக்கு மேலே 52 சென்டிமீட்டர். அவர் நின்ற அதே இடத்தில் பைக்கை நிறுத்தி, அதே போனில், கல்லுக்குப் பக்கத்தில் அளவுகோலை நட்டு ஒரு படம் எடுக்கச் சொன்னேன். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிராணியின் முதுகு 38 சென்டிமீட்டர் கோட்டுக்கு வந்தது. வளர்ந்த சிறுத்தையின் தோள் 60, 70 சென்டிமீட்டர் வரும். இது எல்லைக் கல்லைவிடக் குட்டை.

முந்தின நாள் பெய்த தூறலில் வரப்போரம் கரிசல் மண் குழைந்திருந்தது. தடம் கிடைத்தது. நாய், நரித் தடத்தில் நகம் பதிந்திருக்கும். பூனை இனம் நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும், அதனால் நகக்குறி விழாது. வட்டமாக நாலு விரல், பின்னால் மூன்று மடிப்பாக ஒரு மெத்தை. என் விரல் மூன்றைச் சேர்த்து வைத்தால் தடம் மறைந்துவிட்டது. சிறுத்தை என்றால் உள்ளங்கை அகலம் வேண்டும்.

"ஒரு வாரம் குருணை வைக்காதீங்க. நான் தெளிவா ஒரு படம் எடுத்துட்டு வாரேன். அப்புறம் நீங்க முடிவு பண்ணுங்க" என்று கேட்டேன். ஒரு வாரம் தந்தார்கள். கிராமத்தில் ரிட்டயர்டு டீச்சருக்கு இருக்கிற செல்வாக்கு அவ்வளவுதான், ஒரு வாரம்.

அறுபது வயது தாண்டிய பெண் விடியற்காலை நாலரை மணிக்கு ஓடைக்குப் போவதைப் பற்றி எங்கள் வீட்டுக்காரர் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. முதல் நாள் மட்டும் துணைக்கு வந்தார், அரை மணிக்கு ஒருமுறை இருமினார். மறுநாளிலிருந்து தன் காக்கி முழுக்கைச் சட்டையைக் கொடுத்து, ஒரு பிளாஸ்டிக் முக்காலியையும் உடைமரத்தடியில் போட்டுவிட்டு, இருநூறடி தள்ளி பைக்கிலேயே உட்கார்ந்துகொண்டார். தலையில் தேங்காய் எண்ணெய், பவுடர், பூ எதுவும் இல்லை. காற்று என் பக்கமிருந்து ஓடைக்கு அடித்தால் அன்றைக்கு எதுவும் வராது என்பது மூன்றாம் நாள்தான் புரிந்தது. நாலாம் நாள் ஓடைக்கு எதிர்க்கரைக்கு மாறினேன்.

வெருகு ராத்திரிப் பிராணி என்று பலர் நினைக்கிறார்கள். விடிந்தும் நடமாடும், பொழுது சாயவும் நடமாடும். ஆறாம் நாள் ஏழு மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், அது சோளத்தைவிட்டு வெளியே வந்தது.

சத்தமே இல்லை. புல் அசைந்ததாகவும் தெரியவில்லை. பார்க்கிறேன், நிற்கிறது, அவ்வளவுதான். காய்ந்த சோளத்தட்டை நிறம். உடம்பில் ஒரு புள்ளி கிடையாது. முன்னங்கால் உள்பக்கம் மட்டும் மங்கலாக இரண்டு கோடு. காதுக்குப் பின்புறம் லேசான செம்மை, நுனியில் கொஞ்சம் கறுப்பு முடி. இடது காது மடலில் ஒரு சின்னப் பிளவு, ஏதோ பழைய சண்டை. வரப்பில் எலி வளை ஒன்றுக்கு முன்னால் தலையைச் சாய்த்து, காதை மட்டும் முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டு நின்றது. ஐந்து நிமிஷம் இருக்கும். வகுப்பில் அப்படி ஒரு கவனத்தை நான் முப்பது வருஷத்தில் பார்த்ததில்லை. திடீரென்று நாலு காலும் தரையைவிட்டு எழும்பி, வில் மாதிரி வளைந்து, முன்னங்கால் இரண்டும் மண்ணில் குத்தி இறங்கியது. வாயில் எலி.

பதினாலு படம் எடுத்தேன். பத்து கலங்கல். கை நடுக்கம், குளிரால் மட்டும் இல்லை. நாலு படம் தேறியது.

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பூனைகளை இனம் காண்பதில் நம் ஊரில் உள்ள குழப்பத்தில் பாதி பெயரால் வருவது. புனுகுப்பூனை என்கிறோம், அது பூனைக் குடும்பமே இல்லை. பனைமரத்திலும் ஓட்டுக்கூரையிலும் ஓடும் மரநாய் நாயும் இல்லை, பூனையும் இல்லை, புனுகுக்குச் சொந்தக்காரன். 2022இல் நமீபியாவிலிருந்து குனோவுக்கு எட்டு சிவிங்கிப்புலி கொண்டுவந்தபோது பத்திரிகை எல்லாம் சிறுத்தை என்றே எழுதின. சிவிங்கிப்புலிக்குக் கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கண்ணீர்க்கோடு உண்டு, உடம்பில் பொட்டுப் பொட்டாகத் திட்டுகள். நம்ம சிறுத்தைக்குத் திட்டுகள் பூப்போலக் கூடியிருக்கும். அந்தப் பூவுக்கு நடுவிலும் ஒரு பொட்டு இருந்தால் அது அமெரிக்கக் கண்டத்து ஜாகுவார். "கோவை அருகே" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பாதீர்கள்.

சின்னப் பூனைகளில் தமிழ்நாட்டில் இன்னும் இரண்டைப் பார்க்க எனக்கு ஆசை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் காப்பித் தோட்டங்களில் திரியும் சிறுத்தைப்பூனை; பெயருக்கேற்ற புள்ளி, வீட்டுப் பூனை அளவு. இன்னொன்று துருப்பிடித்த நிறத்தில் புள்ளி போட்ட செம்புள்ளிப் பூனை. ஒன்று, ஒன்றரை கிலோதான் இருக்கும். உலகத்திலேயே மிகச் சின்ன காட்டுப்பூனைகளில் ஒன்று, இந்தியா, இலங்கை, நேபாளம் தவிர வேறெங்கும் கிடையாது. மீன்பிடிப் பூனைக்கு நான் கோதாவரிக் கழிமுகத்துக்கோ கொழும்புக்கோ போக வேண்டும். கொழும்பு நகரத்துச் சதுப்பு நிலத்திலேயே அது இருக்கிறது.

இனம் தெரிந்தால் போதாது, ஆள் தெரிய வேண்டும் என்பது அடுத்த வகுப்பு. புலியின் வரி நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. இடது பக்க வரி வேறு, வலது பக்க வரி வேறு. அதனால்தான் தானியங்கிக் கேமராவை வழியின் இரண்டு பக்கமும் எதிரெதிராக வைக்கிறார்கள். நாகரஹொளெயில் உல்லாஸ் கரந்த் 1990களில் இந்த முறையில்தான் புலிகளை எண்ணினார். அவர் புத்தகத்தைத் தியடோர் பாஸ்கரன் 'கானுறை வேங்கை' என்று தமிழில் தந்திருக்கிறார், நூலகத்தில் கேளுங்கள். 2018 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 26,838 இடங்களில் கேமரா வைத்து மூன்றரைக் கோடிப் படம் கிடைத்தது. அதில் புலிப் படம் 76,651, சிறுத்தை 51,777. வரியை ஒப்பிட்டுப் பிரித்ததில் 2,461 தனித்தனிப் புலி. 1920களில் சாம்பியன் என்ற வனத்துறை அதிகாரி, புலியே கால் இடறிக் கம்பியை இழுத்துத் தன்னைப் படம் எடுத்துக்கொள்ளும்படி செய்தாரே, அதன் பேரப்பிள்ளைகள்தான் இந்தக் கேமராக்கள். நம் திருநெல்வேலியில் 1912இல் பிறந்த மா. கிருஷ்ணன், தானே ஒட்டுப்போட்டுச் சேர்த்த கேமராவைத் தூக்கிக்கொண்டு காட்டில் நடந்து எடுத்தவர். பெட்டியில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுபோகும் என் கேமராவைப் பார்த்தால் சிரித்திருப்பார்.

வெருகுக்கு வரியும் இல்லை, புள்ளியும் இல்லை. ஆள் அடையாளம் காண்பது கஷ்டம். எனக்கு அந்தக் காதுப் பிளவு கிடைத்தது அதிர்ஷ்டம்.

படத்தைச் சாவடியில் காட்டினேன். போனில் காட்டினால் மறுபடி புள்ளி தெரியும் என்று டவுனுக்குப் போய்ப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக்கொண்டு போனேன். "அட, பூனதாம்ல" என்று கூட்டம் கலைந்தது. குருணைக்காரர் மட்டும் உட்கார்ந்திருந்தார். "சரி, பூனன்னே வச்சுக்குவோம். என் கோழிக்கு யாரு பதில் சொல்லுவா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வெருகு எலியைத்தான் அதிகம் தின்னும். ராஜஸ்தானில் சரிஸ்கா காட்டில் கணக்குப் பார்த்ததில் ஒரு நாளைக்கு மூன்று முதல் ஐந்து எலி என்று வந்தது. உங்கள் சோளத்துக்கு அது காவல்காரன் என்றெல்லாம் சொன்னேன். அவர், "எலி என் சோளத்தத் தின்னுச்சு, பூன என் கோழியத் தின்னுச்சு. ரெண்டும் என் கணக்குத்தான டீச்சர்" என்றார்.

வனத்துறையில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் தன் சொந்தத் தானியங்கிக் கேமராவை ஒரு வாரம் இரவல் கொடுத்தான். அதைக் குருணைக்காரர் வீட்டுக் கோழிக்கூண்டுக்கு எதிரே வேப்பமரத்தில் கட்டினேன். வெருகு குற்றமற்றது என்று நிரூபித்துவிடலாம் என்று மனசுக்குள் ஒரு நம்பிக்கை. ஏழு ராத்திரி. மூன்று ராத்திரி மரநாய். இரண்டு ராத்திரி தெருநாய் கூண்டைப் பிறாண்டியது. பகலில் கீரி. ஆறாவது ராத்திரி 2.14க்கு, இடது காது பிளந்த நம் ஆள், வாயில் ஒரு விடைக்கோழியோடு.

அந்தப் படத்தைக் காட்டுவதா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். வீட்டுக்காரர், "காட்டாதே, மருந்து வச்சிருவான்" என்றார். முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று சொல்லிவிட்டு இப்போது மறைப்பதா? ஏழு ராத்திரிப் படத்தையும் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். கூண்டின் கதவு கீழே நாலு விரல் இடைவெளி இருப்பது எல்லாப் படத்திலும் தெரிந்தது. "மரநாயும் நாயும் கூடயா..." என்றார். கோழிவலை வாங்க நான் பணம் கொடுக்கிறேன் என்றதற்குக் கோபித்துக்கொண்டார். மறுநாள் அவரே வலை வாங்கி அடித்தார். குருணைப் பொட்டலம் இன்னும் அவர் வீட்டு எரவாணத்தில்தான் செருகியிருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்கும்.

இதில் எனக்கு ஏன் இத்தனை அக்கறை என்று கேட்பீர்கள். சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

1993 மாசி. நான் இங்கே வேலைக்கு வந்து சில வருஷம். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் காலையில் ஓலைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். உள்ளே மூன்று குட்டி. அவன் அப்பா சோளத்தட்டை அறுக்கும்போது கிடைத்ததாம். கண் அப்போதுதான் திறந்திருந்தது. உடம்பெல்லாம் கோடும் பொட்டுமாக இருந்தது. வெருகுக் குட்டி பிறக்கும்போது அப்படித்தான் இருக்கும், வளர வளர மறைந்துவிடும். அது எனக்கு அப்போது தெரியாது. நான் ஆசிரியர் பயிற்சியில் படித்த இயற்கை அறிவியலில் நாய்க்குடும்பம், பூனைக்குடும்பம் என்று இரண்டு பத்தி இருந்தது, அவ்வளவுதான். ஆனால் டீச்சருக்குத் தெரியாது என்று சொல்லும் தைரியமும் அந்த வயதில் இல்லை. கரும்பலகையில் "சிறுத்தைக் குட்டி" என்று எழுதி, பெட்டியை மேசையில் வைத்து, அஞ்சு வகுப்புப் பிள்ளைகளையும் வரிசையில் வந்து பார்க்கச் சொன்னேன். பாடம் நடத்தினேன். பிள்ளைகள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது, நாம்தான் காப்பாற்ற வேண்டும் என்று நானே முடிவு செய்தேன். பசும்பால் காய்ச்சி, இங்க் பில்லரால் புகட்டினேன். வயிற்றால் போனது. நாலு நாளில் இரண்டு செத்தது. மூன்றாவதை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்படியில் துணியில் சுற்றி வைத்தேன். ஒன்பதாம் நாள் காலையில் துணி மட்டும் சூடாக இருந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மூன்றையும் பிள்ளைகள் புதைத்துப் பூப் போட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. பத்து நாள் கழித்து அந்தக் காட்டில் கூலிக்கு அறுத்த பாட்டி ஒருத்தி சத்துணவுக் கூடத்துப் பக்கம் வந்தபோது சொன்னாள்: "அந்தத் தாய்ப் பூன மூணு ராத்திரி அறுத்த காட்டுக்குள்ளயே சுத்திச் சுத்தி வந்துச்சு தாயி. கத்திக்கிட்டே திரிஞ்சுச்சு. குட்டியக் கொண்டாந்து அந்த வரப்புல வச்சிருந்தா எடுத்துட்டுப் போயிருக்கும்."

மூன்று ராத்திரி. அந்த மூன்று ராத்திரியும் குட்டிகள் உயிரோடுதான் இருந்தன. கூப்பிடு தூரத்தில், பள்ளிக்கூட மேசைக்கு அடியில்.

இந்த வருஷம் மாசிக்கு வருகிறேன். அந்த மூன்றாம் வகுப்புப் பையனுக்கு இப்போது நாற்பது வயது. அவன் அப்பா காட்டில் அவன்தான் மக்காச்சோளம் போட்டிருக்கிறான். ஒரு நாள் காலை பத்து மணிக்குப் போன் செய்தான். அறுப்பு இயந்திரம் பாதிக் காட்டை முடித்திருக்கிறது, வாய்க்கால் ஓரம் குட்டி கிடக்கிறது, டிரைவரை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன் என்றான். நான் பதறிப்போய் என்னென்னவோ சொல்ல, அவன் நிதானமாக, "டீச்சர், இங்க் பில்லர் எல்லாம் வேண்டாம். சும்மா வாங்க" என்றான்.

அவன் மறக்கவே இல்லை.

மூன்று குட்டி. அதே கோடு, அதே பொட்டு. யாரும் தொடவில்லை. மகாராஷ்டிரத்தில் ஜுன்னர் பக்கம் கரும்பு அறுக்கும்போது சிறுத்தைக் குட்டி கிடைத்தால், அதே இடத்தில் வைத்துவிட்டு ஆட்கள் விலகிப் போய்விடுகிறார்கள், ராத்திரி தாய் வந்து எடுத்துப் போகிறது என்று படித்திருந்தேன். வனத்துறை மாணவனும் போனில் அதையே சொன்னான். சுற்றி நாலு வரிசைச் சோளத்தை விட்டுவிட்டு மிச்சத்தை அறுப்பது என்று முடிவு. இயந்திரக்காரர் முணுமுணுத்தார். மணிக்கணக்கு வாடகை, அடுத்த ஊரில் ஆள் காத்திருக்கிறது. மிச்சத்தை முடித்துவிட்டுப் போய்விட்டார்.

இங்கே நான் செய்த ஒரு காரியத்தையும் எழுதிவிடுகிறேன். எல்லோரும் போன பிறகு, கையில் கேமரா. பத்தடி தூரத்தில் வெருகுக் குட்டி மூன்று. ஒரே ஒரு படம் என்று உள்ளே போனேன். குனிந்து, சோளத்தட்டையை விலக்கி, ஒன்றல்ல, இருபது படம் எடுத்தேன். என் வாசம், என் காலடி, எல்லாம் அங்கே. தட்டை ஒடிந்து வழி விழுந்துவிட்டது. திரும்பி வரும்போது அந்தப் பாட்டியின் குரல் ஞாபகம் வந்தது. எனக்கு வந்தது கோபமா வெட்கமா தெரியவில்லை. அந்த இருபது படத்தையும் வரப்பிலேயே உட்கார்ந்து அழித்தேன். அழித்தால் மட்டும் வாசம் போய்விடுமா?

ராத்திரி தூக்கமில்லை. விடிந்ததும் அவன் தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்துவிட்டுச் சொன்னான். இரண்டு இல்லை. ஒன்று இருக்கிறது.

தாய் இரண்டை எடுத்துப்போய்விட்டு மூன்றாவதுக்குள் விடிந்துவிட்டதா, நான் போட்ட வழியில் நாய் வந்து அது பயந்துவிட்டதா, யாருக்குத் தெரியும். அன்று பகல் முழுக்க அந்த ஒற்றைக் குட்டி வெயிலில் கத்திக்கொண்டிருந்தது. ஓடைக்கு எதிர்க்கரையில் உடைமரத்தடியில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் அதன் சத்தம் குறைந்தபோது, "போய்க் கொஞ்சம் தண்ணியாவது..." என்று நான் எழுந்தேன். "உக்காருங்க டீச்சர்" என்றான். என் வகுப்பில் அவனிடம் நான் ஆயிரம் தடவை சொன்ன சொல்.

பொழுது சாய்ந்து, மணி ஆறு நாற்பது இருக்கும். அறுத்த காட்டுக்குள் எதுவோ அசைந்தது. நேராக வரவில்லை. வாய்க்காலைச் சுற்றி, நின்று, மோந்து, மறுபடி சுற்றி. நாலு வரிசைக்குள் போனது. சத்தம் நின்றது. என் கையில் கேமரா இருந்தது, அமுக்கினேன். அது வெளியே வந்தபோது வாயில் தொங்கிய குட்டி சின்ன நிழலாகத் தெரிந்தது. ஓடையில் இறங்கி, கோரைக்குள் போய், அப்புறம் ஒன்றும் இல்லை. படத்தில் கறுப்பும், நடுவில் இரண்டு வெளிச்சப் புள்ளியும் மட்டும் இருக்கிறது. அது என்ன பிராணி என்று யாராலும் இனம் காண முடியாது.

"கெடச்சுதா டீச்சர்?" என்றான். கிடைத்தது என்றேன்.

மறுநாள் அந்த நாலு வரிசையை அவனும் அவன் வீட்டுக்காரியும் கையாலேயே ஒடித்தார்கள். நானும் போய் ஒரு மணி நேரம் கதிர் ஒடித்தேன். சோளத்தாள் அறுத்த கோடு கையில் இன்னும் இருக்கிறது.

இடம் எங்கே என்று கேட்டு உள்பெட்டிக்கு வருகிறவர்கள் மன்னிக்கவும், சொல்ல மாட்டேன். படத்திலிருந்த இடக்குறிப்பையும் எடுத்துவிட்டுத்தான் போட்டேன். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பிராணி என்பது ஒரு காரணம். எரவாணத்தில் இருக்கும் பொட்டலம் இன்னொரு காரணம்.

போன வாரப் படம் இதற்குப் பதினைந்து நாள் கழித்து எடுத்தது. பெரிதாக்கிப் பாருங்கள், இடது காதில் பிளவு தெரியும். குட்டிகள் படத்தில் இல்லை. பின்னால் கோரைக்குள் இருந்தனவா என்று எனக்குத் தெரியாது. எழுந்து போய்ப் பார்க்கவில்லை.